தெருவிளக்கை நோக்கிப் போன ஆமைக்குஞ்சுகள்

பகிர்வு (சென்னை)

போன பங்குனியில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருடமாக நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் ஆமை நடைக்குப் போகிறேன், கடலாமை இட்ட முட்டைகளைத் தேடிக் காப்பாற்றத்தான் இந்த நடை. 1988-லிருந்தே மாணவர்கள் நடக்கும் கரை இது. நான் தாமதமாகத்தான் சேர்ந்தேன்.

முட்டையிட வந்த ஆமையின் தடம், சிறிய சக்கரம் உருண்டது மாதிரி ஈர மணலிலிருந்து மேலேறிப் போகும். அது முடிகிற இடத்தில் குச்சியை மெல்ல இறக்கிப் பார்ப்போம். மணல் சட்டென்று இளகினால் அங்கேதான் கூடு. 100, 120 முட்டைகள் இருக்கும். அவற்றைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய் அதே ஆழத்தில் புதைத்து வைப்போம். (வனத்துறை அனுமதியோடுதான். யாரும் தாமாக முட்டையில் கை வைக்க வேண்டாம்.) ஏறக்குறைய 45 நாளுக்கு மேல் ஆனதும் பொரியத் தொடங்கும்.

அன்று பொரிந்தது எங்கள் கண்ணுக்குத் தப்பிய ஒரு கூடு. விடிவதற்கு இன்னும் நேரம் இருந்தது. மணல் முழுக்க மெல்லிய கோடுகள். குனிந்து பார்த்தால் எல்லாக் கோடுகளும் கடலுக்கு எதிர்ப்பக்கம், சாலையை நோக்கிப் போயிருந்தன. விளக்குக் கம்பத்தின் அடியில் குஞ்சுகள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. சில தார்ச்சாலைக்கே போய்விட்டன. அங்கே கண்டதை எழுத மனம் வரவில்லை. உயிரோடு இருந்த 43 குஞ்சுகளை வாளியில் சேர்த்தோம்.

அந்தக் குஞ்சுகள் மேல் ஒரு தப்பும் இல்லை. தாய் முட்டையிட்ட இரவே கடலுக்குத் திரும்பிவிடும், வழிகாட்ட யாரும் கிடையாது. மணலை விட்டு வெளியே வந்ததும், அடிவானம் தாழ்வாகவும் வெளிச்சமாகவும் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் குஞ்சு பார்க்கும். மின்விளக்கு இல்லாத காலத்தில் அது கடல்தான். நிலவும் நட்சத்திரமும் பட்டு நீர்ப்பக்கம் வெளிறிக் கிடக்கும், கரைப்பக்கம் தாழையும் பனையும் மணல்மேடும் கறுப்பாக உயர்ந்து நிற்கும். அந்தக் கறுப்புக்கு முதுகைக் காட்டி நடந்தால் கடல் வந்துவிடும். இன்றும் அதே கண்தான், அதே கணக்குத்தான். நாம் வெளிச்சத்தை இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்துவிட்டோம்.

வாளியை நேராகக் கடலில் கவிழ்க்கவில்லை. ஈர மணலில் விட்டோம். ஒரு தம்பி டார்ச்சோடு முழங்கால் தண்ணீரில் போய் நின்றான். கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு ஒவ்வொன்றாக அந்த வெளிச்சத்தின் பக்கம் திரும்பின. முதல் அலை நாலைந்தைப் புரட்டிப் போட்டது, மறுபடி நடந்தன. நீரில் இறங்கியதும் டார்ச்சை அணைத்துவிட்டோம். அதற்குப் பிறகு அவற்றுக்கு வெளிச்சம் தேவையில்லை. அலை தூக்கி இறக்குகிற ஆட்டத்தை உடம்பால் உணர்ந்து, அலை வரும் திசைக்கு எதிராகவே நீந்தும். ஆழம் போன பிறகு பூமியின் காந்தப்புலம் கைகொடுக்கும். அமெரிக்காவில் கென்னத் லோமன் என்ற உயிரியலாளர், பெருந்தலை ஆமை என்ற வேறொரு கடலாமையின் குஞ்சுகளைத் தொட்டியில் விட்டு, சுற்றிலும் கம்பிச்சுருள் வைத்துக் காந்தப்புலத்தை மாற்றிப் பார்த்தார். குஞ்சுகளும் திசையை மாற்றிக்கொண்டன. நம் கரைக்கு வரும் பங்குனி ஆமையின் (ஆலிவ் ரிட்லி) குஞ்சு, உள்ளங்கையில் பாதிகூட இருக்காது. அதை நினைத்துக்கொண்டே இருட்டைப் பார்த்தபடி நின்றேன்.

மறுமொழி (தேனி)

அக்கா, படித்ததும் பாட்டியின் ஓட்டு வீடு நினைவுக்கு வந்தது. ராத்திரியில் சின்ன வௌவால் ஒன்று உள்ளே வரும். கொடிக்கயிறு, கொசுவலை, உத்தரம் எதிலும் படாமல் கூடத்தை நாலு சுற்று சுற்றிவிட்டுப் போகும். விளக்கை அணைத்துப் பார்த்தோம், அப்போதும் எதிலும் இடிக்கவில்லை. தான் எழுப்பும் ஒலி பட்டுத் திரும்புவதைக் கேட்டு அது வழி அறிகிறது, நம் காதுக்குத்தான் அந்த ஒலி எட்டாது. 1938-ல் டொனால்ட் கிரிஃபின் என்ற ஆய்வாளர், ஹார்வர்டில் ஒரு கருவியின் உதவியோடு அதைப் பிடித்துக் காட்டினார். எங்கள் ஊர் ஆலமரத்தில் தொங்கும் பழந்தின்னி வௌவால் வேறு வகை. அதற்குப் பெரிய கண்ணும் நல்ல மூக்கும்தான் துணை. இரண்டுக்குமே கண் தெரியும். குருடு என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்காது, உட்கார வைத்து விளக்கிவிடுவேன்.

மறுமொழி (சென்னை)

நாங்கள் இருப்பது கடலைப் பார்த்த குடியிருப்பு. மொட்டை மாடியில் இரண்டு பெரிய விளக்குகள் விடிய விடிய எரியும். உங்கள் பதிவை நேற்றுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். காவலுக்கு இருக்கும் அண்ணன், படிக்கட்டில் ஒரு விளக்கு இருந்தால் போதும் என்றார். இரவு 10 மணிக்கு மாடி விளக்குகளை அணைப்பதாக முடிவு. மார்ச் வரை அணைத்தால் போதுமா?

பதில்

போதாது அண்ணா. மார்ச் கடைசியில் இட்ட முட்டை மே மாதத்தில்தான் பொரியும். அதுவரைக்கும் அணைத்து வையுங்கள். படிக்கட்டு விளக்கும் கடல்பக்கம் தெரியாமல் ஒரு மறைப்பு வைத்துவிடுங்கள்.