‘கேம்பிளே’ என்பதற்குத் தமிழ்: ஆட்டநடையா, ஆடுகையா?

முதல் மடல் – பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

மதிப்பிற்குரிய குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கணினி ஆட்டத்தில் நாம் செய்வதையும் அதற்கு ஆட்டம் தரும் மறுமொழியையும் சேர்த்துக் குறிக்கும் ‘கேம்பிளே’ என்பதற்குப் பினாங்கு ஆசிரியை அம்மா அவர்கள் முன்வைத்த ‘ஆட்டநடை’ என்னும் சொல்லை இரண்டு வாரம் எழுத்தில் பயன்படுத்திப் பார்த்த பிறகே இம்மடலை எழுதுகிறேன். சிறு முதலீட்டில் ஓரிருவர் வீட்டிலிருந்தபடியே உருவாக்கி இயங்கலையில் (ஆன்லைனில்) வெளியிடும், பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கான கதையாட்டங்களைப் பற்றி நான் எழுதிவரும் மதிப்புரை சொல் கிடைக்காமல் பாதியில் நிற்கிறது. நான் படித்தவரையில், இத்தகைய ஆட்டங்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் படங்கள் எப்படி இருக்கின்றன என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள், இல்லையேல் ஒழுக்கக் கேடு என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆடும்போது நம் கை என்ன செய்கிறது, அதற்கு ஆட்டம் என்ன மறுமொழி தருகிறது என்பதை எவரும் எடைபோடுவதில்லை. அதற்குப் பெயர் இல்லாததே முதற்காரணம் என்று நினைக்கிறேன்.

‘விளையாட்டு’ என்ற சொல்லே போதாதா என்று ஈப்போ அன்பர் கேட்டிருந்தார். போதவில்லை. நம் நாளிதழ்களில் விளையாட்டுப் பக்கம் என்றால் அது காற்பந்தும் பூப்பந்தும்தான். பேச்சு வழக்கிலோ ‘விளையாட்டாகச் சொன்னேன்’, ‘விளையாட்டுப் பிள்ளை’ என்று அச்சொல் பொறுப்பின்மையின் பக்கம் சாய்கிறது. முதல் வரைவில் ‘இதன் விளையாட்டுத்தன்மை குறைவு’ என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த என் அக்காள் மகன், சிரிக்க வைக்கும் காட்சிகள் குறைவு என்று பொருள்கொண்டான். ‘ஊடாட்டம்’ கணினித் துறையில் ஏற்கெனவே வேரூன்றிய நல்ல சொல்தான், ஆனால் வங்கியின் பணப்பொறியோடும் நமக்கு ஊடாட்டம் உண்டு.

ஓர் ஆட்டத்தை அருகில் வைத்துக் காட்டினால்தான் என் தேவை விளங்கும். அதன் பெயர் வேண்டாம், அந்த வார்ப்பில் வந்தவை ஏராளம். 2004 முதல் இலவசமாகக் கிடைத்துவரும் ரென்பை என்னும் கருவியில் செய்யப்பட்டது அது. ஒரு நாள் என்பது காலை, நண்பகல், மாலை, இரவு என நான்கு பொழுதாகப் பிரிகிறது. ஒவ்வொரு பொழுதிலும் ஓர் அறையைச் சொடுக்கி, அங்கிருப்பவரிடம் பேசலாம். கதையின் பெண் முப்பத்திரண்டு வயதுக் கட்டடக் கலைஞர், மணமுறிவுக்குப் பின் தனியே வாழ்பவர், எவரையும் எளிதில் நம்பாதவர். தொடக்கக் காட்சியின் எழுத்து உண்மையிலேயே நன்று. தேநீர் குடித்த கோப்பையை அவர் உடனே கழுவித் துடைத்து அலமாரியில் வைக்கிறார், அங்கே இருப்பது அந்த ஒரு கோப்பைதான். அவருடைய வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு வரியில் வந்துவிடுகிறது.

அடுத்து நாம் ஆடத் தொடங்குகிறோம். திரையின் மூலையில் ‘நம்பிக்கை 3/20’ என்று ஓர் எண் நிற்கிறது. பூங்கொத்து ஒன்று கொடுத்தால் எண் ஒன்று கூடுகிறது. ‘இன்றைக்கு வேண்டாம், களைப்பாக இருக்கிறேன்’ என்று அவர் சொல்கிறார். பதினாறு முறையும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் அதே வரி வருகிறது. பதினேழாவது பூங்கொத்தில் எண் இருபதைத் தொட்டதும் மறுப்பு மறைந்து படுக்கையறைக் காட்சி திறக்கிறது. கோப்பையைக் கவனித்து எழுதிய அதே கை, அந்தப் பெண்ணைப் பூட்டாகவும் பூங்கொத்தைச் சாவியாகவும் ஆக்கிவிட்டது. இதைக் கதையின் குறை என்று எழுத முடியவில்லை, ஏனெனில் கதையின் எந்த வரியிலும் இது இல்லை. படத்தின் குறையும் அன்று. ஆயினும் இந்த ஆட்டம் ஒப்புதலைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை இதுவே சொல்கிறது. ஆகவே இதைத்தான் முதலில் மதிப்பிட வேண்டும்.

செலவு குறைவு என்பதைக் காட்டி இதைப் பொறுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பின்னணிப் படங்கள் ஒன்பதே இருப்பதும், குரல்பதிவு இல்லாததும், இரவுப் பொழுதிலும் சன்னலில் வெயில் அடிப்பதும் பணமின்மையால் வருபவை, அவற்றுக்காக நான் ஒரு புள்ளியும் குறைக்க மாட்டேன். ஒரே வரியைப் பதினாறு முறை கேட்க வைப்பது அந்த வகையைச் சேர்ந்ததன்று. இவ்வாட்டங்களில் பல, பேட்ரியான் போன்ற தளங்களில் மாதந்தோறும் சந்தா செலுத்தும் ஆதரவாளர்களை நம்பி, 0.1, 0.2 எனப் பதிப்புப் பதிப்பாக வெளிவருகின்றன. ஆட்டம் முடிந்தால் சந்தாவும் முடியும் என்பதால், புதிய காட்சி எழுத இயலாத மாதத்தில், இருக்கும் காட்சிக்குப் போகும் வழியை நீட்டிவிடுவது ஆக்குவோர்க்கு எளிதாகிவிடுகிறது. ஆடுபவரின் இரண்டு மணி நேரம் அந்த நீட்டலில் கரைகிறது. சிற்றிதழ் நடத்துவோர் தாள் மலிவாக இருப்பதற்காக வாசகரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, அதே பக்கத்தைப் பதினாறு முறை அச்சிட்டால் கேட்டே ஆக வேண்டும்.

சிறு முதலீட்டிலும் இதை ஒழுங்காகச் செய்யலாம் என்பதற்கு ராபர்ட் யாங் 2014இல் வெளியிட்ட ‘ஹர்ட் மீ பிளென்டி’ என்னும் மிகச் சிறிய ஆட்டம் சான்று. இரண்டு ஆண்கள் தமக்குள் இசைந்து, ஒருவர் மற்றவரைக் கையால் அடித்து இன்பம் காணும் உறவு அதன் பொருள். தொடங்கும் முன்பே, எவ்வளவு வலுவாக அடிக்கலாம், எந்தச் சொல்லைச் சொன்னால் நிறுத்த வேண்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்கிறார்கள். அந்த எல்லையை ஆடுபவர் மீறினால், எதிரிலிருப்பவர் அவரோடு தொடர மறுத்துவிடுகிறார். மறுபடி ஆட நிஜக் கடிகாரத்தின்படி காத்திருக்க வேண்டும். ஒப்புதலைப் பற்றிய அறிவுரை எதுவும் அதில் எழுதப்படவில்லை, ஆட முடியாமல் காத்திருக்கும் நேரத்தில் அது தானாக விளங்கிவிடுகிறது.

கிளின்ட் ஹாக்கிங் என்னும் ஆட்ட வடிவமைப்பாளர் 2007இல் ‘பயோஷாக்’ என்ற ஆட்டத்தைப் பற்றி எழுதியபோது, கதை சொல்வதும் ஆடும் செயல் சொல்வதும் முரண்படுவதற்கென்றே ஒரு சொல்லை உருவாக்கினார், அது ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. நமக்கோ அம்முரணின் இரண்டு பக்கங்களில் ஒன்றுக்கே இன்னும் பெயரில்லை.

இனி ‘ஆட்டநடை’. ‘எழுத்துநடை, ஆட்டநடை’ என இணையாக நிற்கும்போது அதன் அழகு தெரிகிறது, அதனால்தான் இரண்டு வாரம் அதை விடாமல் எழுதினேன். ஆனால் நடை என்பது ஆளுக்குரியது. லீ சோங் வெய்யின் ஆட்டநடை என்றால் அவர் பூப்பந்து ஆடும் பாணி என்றே எவரும் கொள்வர். நமக்கு வேண்டியது ஆடுபவரின் பாணியைக் குறிக்கும் சொல் அன்று. எனவே செய்கை, வருகை என்பவற்றைப் போல ‘ஆடுகை’ என வழங்கலாமா என்று அம்மாவிடமும் மற்றவர்களிடமும் கேட்கிறேன். ‘வயது வந்தோர் ஆட்டம்’ என்னும் வகைப்பெயரும் எனக்கு நிறைவாக இல்லை, அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பிரிக்பீல்ட்ஸிலிருந்து


இரண்டாம் மடல் – புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு

அன்புத் தம்பிக்கு வணக்கம்.

‘ஆட்டநடை’யை நான் விட்டுவிடுகிறேன். லீ சோங் வெய் வளர்ந்த ஊரிலேயே பாடம் சொல்லித் தரும் நான் அதை முன்பே உணர்ந்திருக்க வேண்டும். பள்ளித் திடலில் ‘அவனுடைய ஆட்டநடையே தனி’ என்று நாங்கள் சொல்லும்போது அது மாணவனைத்தான் குறிக்கிறது.

‘ஆடுகை’யில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அகராதியில் ஒரு வினைக்குப் பொருள் எழுதும்போது ‘ஓடுகை’, ‘உண்ணுகை’ என்று போடுவார்கள், அது வெறும் செயலை மட்டுமே சுட்டும். ஆடுபவர் செய்வது அதில் அடங்கிவிடும், ஆட்டம் திருப்பிச் செய்வது அடங்குமா? தாங்கள் காட்டிய இரண்டு ஆட்டங்களிலும் உயிர்நிலை அந்த மறுமொழியில்தானே இருக்கிறது. மறுபுறம், அதன் பக்கம் இழுக்கும் காரணமும் ஒன்று உண்டு. மலாயில் ‘மாயின்’ என்ற ஒரே அடியிலிருந்து ஆடுபவருக்குப் ‘பெமாயின்’, ஆட்டத்துக்குப் ‘பெர்மாயினான்’, பொம்மைக்கு ‘மாயினான்’ என்று பிறப்பதை நம் பிள்ளைகள் முதலாம் ஆண்டிலிருந்தே அறிவார்கள். ஆடுநர், ஆட்டம், ஆடுகை என்று நமக்கும் அப்படி ஒரு வரிசை அமையுமானால், சொல்லிக்கொடுக்க எளிது, மறக்கவும் மறக்காது. மலாய்க்கு 1956 முதல் டேவான் பகாசா டான் புஸ்தாகா என்னும் அரசு மொழி அமைப்பு இருக்கிறது. நம் சொற்களை நாம்தான் இப்படி மடல் எழுதி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது, அதனால் அவசரப்படாமல் செய்வோம்.

‘வயது வந்தோர்’ என்பதை மட்டும் உறுதியாக மறுக்கிறேன். வாக்குரிமைக்கு அது பொருந்தும். ஆனால் நம் வீடுகளில் ‘வயதுக்கு வந்தாள்’ என்றால் சிறுமி ஒருத்தி பூப்பெய்தியதைச் சொல்கிறோம். இரண்டுக்கும் இடையில் இருப்பது ‘கு’ என்னும் ஓர் உருபு மட்டுமே. சிறுவர்களை விலக்கி வைக்க வேண்டிய ஒரு முத்திரையில் அந்தப் பொருள் தொட்டுக்கொண்டு நிற்பதை ஓர் ஆசிரியையாக என்னால் ஏற்க முடியாது. ‘முதிர்ந்தோர்’ என்றால் முதியோர் இல்லம் நினைவுக்கு வருகிறது. வயதை எண்ணாலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. முன்பு நம் திரையரங்குகளில் 18எஸ்ஜி, 18எஸ்எக்ஸ், 18பிஏ, 18பிஎல் என்று நான்கு வகை போட்டிருந்தது நினைவிருக்கும். திகிலும் வன்முறையும் தனி, பாலியல் தனி, அரசியலும் சமயமும் தனி, இவற்றில் ஒன்றுக்கு மேல் கலந்தவை தனி. இப்போது அந்தப் பிரிவு இல்லை. எதற்காகப் பிள்ளையை வெளியே நிறுத்துகிறோம் என்று பெற்றோருக்குச் சொல்லிய முறை அது. ஆட்டங்களுக்கும் அப்படிப் பிரித்துச் சொன்னால் நல்லது.

அன்புடன்,
புக்கிட் மெர்தாஜாமிலிருந்து


மூன்றாம் மடல் – பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

ஆசிரியை அம்மா அவர்களுக்கு வணக்கம்.

வகைப்பெயரில் தாங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ‘18+’ என்று எண்ணையும், அதன் பக்கத்தில் ‘பாலுறவு’, ‘வன்முறை’ என்று காரணத்தையும் எழுதுவேன். காரணம் சொல்லாத ஒற்றை முத்திரையால் வரும் இழப்பை 2025 ஜூலையில் கண்டோம். கட்டணம் கையாளும் நிறுவனங்களின் நெருக்குதலால் சிறு ஆட்டங்களை வெளியிடும் இட்ச்.ஐஓ தளம் தன் தேடலிலிருந்து 18+ ஆட்டங்களை ஒட்டுமொத்தமாக மறைத்தபோது, பதினேழு பூங்கொத்து ஆட்டத்தின் வகையினவும் ஒப்புதலைக் கவனமாகக் கையாண்டவையும் ஒரே நாளில் ஒன்றாகவே மறைந்தன.

‘கை’ விகுதியைப் பற்றிய தங்கள் தயக்கத்தைச் சில நாள் எண்ணிப் பார்த்தேன். ‘கொள்கை’ இன்று கொள்ளும் செயலைக் குறிப்பதில்லை, ஒருவர் எதைப் பற்றி நிற்கிறார் என்பதைக் குறிக்கிறது. ‘சேர்க்கை’, ‘வருகை’ ஆகியவையும் செயலைத் தாண்டிவிட்டன. விகுதி தொடங்கி வைத்ததை வழக்கு விரித்துக்கொண்டது. மறுமொழியும் அடங்குமா என்ற கேள்விக்குப் பல்லாங்குழி எனக்கு உதவியது. முத்தை எடுத்துப் போடுவது நம் கை. கடைசி முத்து விழுந்தபின் அடுத்தடுத்து இரண்டு குழி வெறுமையாக நின்று நம் முறையை முடித்துவைப்பது பலகை. என் பாட்டி ஒவ்வொரு முத்தையும் போடும் முன்பே அந்த வெறுங்குழியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பலகையின் பதிலை விலக்கிவிட்டு அவர் ஆடியதை விவரிக்க முடியாது. ஆடு என்னும் வினையிலேயே எதிர்நிற்பதன் பதில் சேர்ந்திருக்கிறது, ஆகவே ‘ஆடுகை’ அதைத் தாங்கும் என்று நம்புகிறேன்.

‘கேம்பிளே’ என்றே எழுதலாம் என்று கிள்ளான் அன்பர் கூறியதையும் எளிதாகத் தள்ளவில்லை. பேச்சில் அதுவே இருக்கட்டும், இளையோர் அனைவரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எழுத்தில் அது தனித்து நின்றுவிடுகிறது, அதிலிருந்து ஆடுநரும் பிறப்பதில்லை, ஆடத்தக்கது என்பதும் பிறப்பதில்லை. ‘இயங்கலை’யும் ‘புலனம்’ (வாட்ஸ்அப்) என்பதும் நம் நாட்டில் எவர் ஆணையும் இன்றி, எழுதி எழுதியே நிலைத்தவை. அதே வழியில், நின்றுபோன மதிப்புரையை இச்சொல்லை வைத்து மீண்டும் எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் பத்தி இது:

‘இவ்வாட்டத்தின் எழுத்தும் ஆடுகையும் ஒருவரையொருவர் அறியாத இருவர் செய்தவை போல இருக்கின்றன. எழுத்து ஒரு பெண்ணின் தயக்கத்தைப் பொறுமையாக நமக்குக் காட்டுகிறது, ஆடுகையோ அந்தத் தயக்கத்தை இருபது வரை எண்ணித் தீர்க்கச் சொல்கிறது. பின்னணிப் படங்களின் எளிமை ஆடுநருக்குத் தடையாகவில்லை. தடையாக இருப்பது, நாம் என்ன சொன்னாலும் அவர் பதினாறு முறை ஒரே பதிலைச் சொல்வதுதான். அந்தப் பதினாறு இடத்தில் வெவ்வேறான நான்கு வரிகளும், பூங்கொத்தை அவர் திருப்பிக் கொடுக்கும் ஒரு காட்சியும் இருந்திருந்தால், செலவு கூடியிராது. அவர் கடைசிவரை மறுக்கவும் இடம் இருந்திருக்கும்.’

இதில் ‘ஆடுநருக்கு’ என்பது காதுக்கு உறுத்துகிறதா, ‘ஆடுபவருக்கு’ என்றே விட்டுவிடலாமா என்பதை மட்டும் அம்மா படித்துப் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்,
பிரிக்பீல்ட்ஸிலிருந்து