அணையில ஒரு குறையும் இல்லை, ஆனா "ஹை ஹசார்ட்"

பிளட் மாடலிங், அதாவது வெள்ளம் எங்க எப்பிடிப் பாயும் எண்டு கம்ப்யூட்டரில கணக்குப் பாக்கிற வேலை செய்யிற ஆக்கள் இருந்தா உங்கட கதையையும் போடுங்கோ, என்ரய முதல்ல சொல்லுறன். கொள்ளுப்பிட்டியில இருந்துகொண்டு அமெரிக்க கம்பனி ஒண்டுக்கு ஹெக்ராஸ் எண்ட வெள்ளக் கணிப்பு சொப்ட்வெயாரில அணை உடைப்பு மெப் கீறுறதுதான் வேலை, ஒரு அணையையும் நேர்ல கண்டதில்லை. போன வருசம் வந்தது தனியார் ஏரி ஒண்டு, சுத்திவர வீடு வச்சிருக்கிற ஆக்களின்ர சங்கம்தான் ஓனர், மீன் பிடிக்கவும் போட் ஓடவும் கட்டின மண் அணை. முந்தி லோ ஹசார்ட், இப்ப ஸ்டேட் அதை ஹை எண்டு மாத்திப்போட்டுது.

மீட்டிங் எங்கட நேரத்துக்கு ராத்திரி. சங்கத் தலைவருக்கு சரியான கோவம், "ஒரு வெடிப்பு இருக்கா, கசிவு இருக்கா, கண்டிசன் நல்லம் எண்டுதானே எழுதினீங்கள்" எண்டு நிக்கிறார். ஹசார்ட் கிளாஸ் அணையின்ர சுகத்தைச் சொல்லுறேல்லை, உடைஞ்சா கீழ என்ன நடக்கும் எண்டதைத்தான் சொல்லும். ஒரு உயிர் போகக்கூடும் எண்டாலே ஹை. உயிர் போகாது ஆனா ரோட்டு, சொத்து பெருசா அழியும் எண்டா சிக்னிபிகன்ட், ஓனரின்ர காணியோட முடியிற நட்டம் எண்டா லோ. அணையின்ர கண்டிசன் பட்டியல்ல வேற கொலத்தில வரும். அணை அப்பிடியேதான் கிடக்கு, கீழ ஆத்தோரம் வெறுங்காணியில வீட்டுத்திட்டம் வந்திட்டுது. வீடு கட்டினது ஆரோ, ஹை எண்டா இன்னும் பெரிய வெள்ளத்தைத் தாங்கோணும் எண்டு வானை (மிச்சத் தண்ணி வழிஞ்சு போற வழியை) பெருசாக்கிற செலவு இவையின்ர தலையில. பாவமாத்தான் இருந்தது.

அந்தப் பாவமும் போட்டோ பாக்கிற மட்டும்தான். மீன் வெளிய போகக்கூடாது எண்டு வானுக்குக் குறுக்க கம்பிவலை அடிச்சிருக்கினம், வலை முழுக்க இலை, கொப்பு, ஒரு பிளாஸ்டிக் கதிரையும், இப்பிடி வான் அடைச்சா தண்ணி அணைக்கு மேலால பாயும். 1889 மே 31 பென்சில்வேனியாவில உடைஞ்ச சவுத் போர்க் அணையிலயும் இதே வேலைதான், இரும்பாலை முதலாளி கார்னகி மாதிரி பணக்காரர் மெம்பரா இருந்த கிளப்பின்ர ஏரி அது. வானில மீன் வலை, வண்டி போக அணைக்கட்டின்ர உச்சியை வெட்டி உயரம் குறைச்சு விட்டிருந்தவை, அடியால தண்ணி திறந்து விடுற துருசுக் குழாயை முந்தின ஓனர் கழட்டி வித்ததை கிளப் திருப்பிப் போடவேயில்லை. ஜோன்ஸ்டவுன் பக்கம் 2,200 பேருக்கு மேல செத்தது. இதைச் சொன்னன், தலைவர் கொஞ்சநேரம் மியூட்ல இருந்திட்டு "வலையைக் கழட்டினா மீன் போயிடுமே" எண்டார்!

கந்தளாய்க்காரி:
எங்கட கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் உடைஞ்சது, 100 பேருக்கு மேல போச்சுது. அம்மம்மா இப்பவும் சொல்லுவா, சனம் எல்லாம் நித்திரை எண்டு. நீங்கள் பெருமழைக்கு மட்டும்தான் மாடல் ஓடுறனீங்களோ அண்ணா?

இல்லை தங்கச்சி, மழையில்லாத நாளில உடையிற கேஸும் ஓடத்தான் வேணும், எனக்கு அதுதான் கூடப் பயம். வெள்ளம் வருது எண்டா சனம் முழிச்சிருக்கும், ரேடியோ கேக்கும், சும்மா ஒரு இரவில ஆர் பாக்கிறது. அந்த ஏரிக்கு முதல் வீட்டுக்கு தண்ணி வர கால் மணித்தியாலமும் இல்லை. எமர்ஜென்சி பிளானில ஆர் ஆருக்கு கோல் எடுக்கிறது எண்ட பக்கத்தை அந்தச் சங்கம் இன்னும் நிரப்பித் தரேல்லை, போன கிழமையும் மெயில் போட்டனான்.