மண்டபத்தில் சரக்கு பரிமாற லைசென்ஸ் உண்டா? 2023 ஆர்டரைக் காட்டுகிறவர்களுக்கு

பந்தி_மாஸ்டர்:
பக்கத்துத் திரியில் ஒரு தம்பி, தங்கச்சி கல்யாண ரிசப்ஷனுக்கு மாப்பிள்ளை வீட்டார் "கொஞ்சம் ஏற்பாடு பண்ணிவிடுங்கள்" என்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தார். அதற்குக் கொங்கு_காளை போட்ட பதில்: "எஃப்.எல்.12 எடுத்தால் மண்டபத்திலேயே தாராளமாகப் பரிமாறலாம், 2023லேயே ஆர்டர் வந்துவிட்டது." அதற்கு 31 லைக். படித்ததும் வயிறு எரிந்தது.

விசேஷங்களில் மது பரிமாற எஃப்.எல்.12 என்ற சிறப்பு லைசென்ஸ் கொடுக்கலாம் என்ற அரசு ஆர்டர் பற்றிய செய்தி 2023 ஏப்ரல் 24 அன்று வெளியே வந்தது. கல்யாண மண்டபம், வீட்டு விசேஷம் எல்லாம் அதில் இருக்கிறது என்று தெரிந்ததும் கூட்டணிக் கட்சிகள் உட்பட எல்லோரும் எதிர்த்தார்கள். அப்போது மதுவிலக்குத் துறை அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜியே மண்டபத்துக்கு அனுமதி கிடையாது என்று சொன்னார், ஆர்டரையும் திருத்தினார்கள். மிச்சம் இருந்தது பெரிய மாநாடு, விளையாட்டுப் போட்டி மாதிரியானவைதான். அதுவும் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. முதல் நாள் தலைப்பை மட்டும் படித்துவிட்டு இன்றைக்கு வந்து ஒரு கல்யாண வீட்டுக்கு யோசனை சொல்கிறீர்களே, அந்தத் தம்பி நம்பி இறங்கினால் மாட்டப்போவது பெண்ணைப் பெற்றவர். 22 வருடமாகச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறேன், மண்டபத்துக்குள் போலீஸ் வந்து பந்தி பாதியில் நின்றதைப் பார்த்தவன் சொல்கிறேன்.

கொங்கு_காளை:
மாஸ்டர் வந்துவிட்டார், இனி சாம்பாரில் உப்பு எவ்வளவு என்பதையும் சட்டம் எவ்வளவு என்பதையும் அவரே சொல்வார். மாநாட்டுக்கு உண்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாநாடு எங்கே நடக்கும்? கன்வென்ஷன் சென்டரில். இப்போது எங்கள் பக்கம் கட்டுகிற பாதி இடம் கன்வென்ஷன் சென்டர்தான், போர்டிலேயே அப்படித்தான் இருக்கிறது. கல்யாண மண்டபம் வேறு, கன்வென்ஷன் சென்டர் வேறு. மாநகராட்சி என்றால் ஒரு நாளைக்கு 11,000 ரூபாய் என்று கட்டணமே நிர்ணயித்தார்கள். சும்மாவா நிர்ணயித்தார்கள்?

பந்தி_மாஸ்டர்:
போர்டில் என்ன எழுதினாலும் உள்ளே தாலி கட்டினால் அது கல்யாணம்.

கொங்கு_காளை:
தாலி காலையில். ரிசப்ஷன் முந்தின நாள் ராத்திரி. அதுவும் கன்வென்ஷன் சென்டரில்.

சட்டப்பையன்:
இரண்டு பேரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். சட்டப்படி வழி இல்லாமல் இல்லை. நட்சத்திர ஹோட்டலுக்கு எஃப்.எல்.3, கிளப்புக்கு எஃப்.எல்.2 என்று ஏற்கெனவே லைசென்ஸ் இருக்கிறது. ரிசப்ஷனை அப்படி ஒரு ஹோட்டலில் வைத்தால், வேண்டியவர்கள் அங்கே இருக்கிற பாருக்குப் போய்க்கொள்ளலாம், குடும்பத்துக்கு எந்த வம்பும் இல்லை. வீட்டில் என்றால் சொந்த உபயோகத்துக்கு ஒருவர் கையில் 4.5 லிட்டர், அதாவது 750 மில்லியில் ஆறு பாட்டில், பீர் 650 மில்லியில் 12 வரை வைத்திருக்கலாம். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்குக் கொடுக்கக் கூடாது. முதலில் "பரிமாறுவது" என்றால் என்ன என்று முடிவு செய்துகொண்டு பேசினால்

கொங்கு_காளை:
அதெல்லாம் இருக்கட்டும். கன்வென்ஷன் சென்டர் மண்டபமா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பந்தி_மாஸ்டர்:
மண்டபம்தான்.

கொங்கு_காளை:
இல்லை.

பாண்டி_மச்சான்:
எதற்கு இவ்வளவு சண்டை? ரிசப்ஷனைப் பாண்டியில் வையுங்கள். இங்கே வயது 18, விலையும் குறைவு. சென்னையிலிருந்து மூன்று மணி நேரம்.

பந்தி_மாஸ்டர்:
மச்சான், பாண்டியில் குடித்துவிட்டு அந்த மூன்று மணி நேரமும் ஈசிஆரில் யார் வண்டி ஓட்டுவார்கள்? மீந்த பாட்டிலை டிக்கியில் போட்டுக்கொண்டு செக்போஸ்ட்டில் நின்றால் என்ன ஆகும் என்பதையும் அந்தத் தம்பிக்குச் சொல்லுங்கள். பாண்டிச் சரக்கு இந்தப் பக்கம் வந்தால் அது கடத்தல் கேஸ்.

பாண்டி_மச்சான்:
நான் ரூம் போட்டுத் தங்கச் சொன்னேன். படிக்காமல் பாயாதீர்கள். போன தீபாவளிக்குப் பலகாரத் திரியிலும் இப்படித்தான், நான் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லி என்னை அவமானப்படுத்தினீர்கள்.

பந்தி_மாஸ்டர்:
பாகு பதம் ஒரு கம்பியா இரண்டு கம்பியா என்று தெரியாமல் அதிரசம் சொல்லிக்கொடுத்தால் கேட்கத்தான் செய்வேன்.

நெல்லைக்காரி:
அதிரசத்தை விடுங்கள். ரிசப்ஷன் முடிந்து 11 மணிக்கு யார் கார் ஓட்டுகிறார்கள் என்பதை மாஸ்டர் ஒருவர்தான் ஒரு வரியில் தொட்டார், அதையும் சண்டையில் விட்டுவிட்டீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால், அதைத் தாண்டி ஓட்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாத ஜெயிலோ, இரண்டுமோ. 2022இல் சென்னைப் போலீஸ், குடித்தவர் ஓட்டும் வண்டியில் தெரிந்தே ஏறி உட்கார்ந்தவருக்கும் அபராதம் என்று சொன்னது நினைவிருக்கிறதா? எங்கள் வீட்டு விசேஷங்களில் பெண்களும் பிள்ளைகளும்தான் அந்தப் பின் சீட்டில் உட்காருகிறோம். "மாமா நிதானமாகத்தான் இருக்கிறார், ஏறு" என்பார்கள். ஏறாவிட்டால் மரியாதை இல்லாதவள். போன வைகாசியில் நான் ஏற மாட்டேன் என்று சாவியைப் பிடுங்கி வைத்தேன், இன்றைக்கு வரைக்கும் அந்த மாமா என்னிடம் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். உயிரோடு இருக்கிறார்.

கொங்கு_காளை:
அக்கா சொல்வது நியாயம். அதற்குத்தான் லைசென்ஸோடு கன்வென்ஷன் சென்டரில் முறையாகப் பரிமாற வேண்டும் என்கிறேன். ஒளித்துக் குடித்தால்தான் அளவு தெரியாமல் போகும்.

பந்தி_மாஸ்டர்:
இல்லாத லைசென்ஸைத் திரும்பத் திரும்ப எழுதினால் அது வந்துவிடுமா?

ஸ்காபரோ_சிவா:
இங்கே ஒன்டாரியோவில் ஹாலுக்கு லைசென்ஸ் இல்லாவிட்டால் கல்யாண வீட்டுக்காரரே அந்த ஒரு நாளுக்கு மட்டும் பெர்மிட் எடுக்கலாம். பெர்மிட்டை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒட்டி வைக்க வேண்டும். 19 வயது ஆகாதவருக்கு ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது. லைசென்ஸ் உள்ள ஹாலில் ஊற்றிக் கொடுக்கிறவர் பயிற்சி எடுத்தவராக இருக்க வேண்டும், வெறி கூடினால் சொந்த மாமனாக இருந்தாலும் நிறுத்திவிடுவார். 20 வருடமாகப் பார்க்கிறேன் அண்ணை, சாமத்திய வீடு, கல்யாணம், அறுபதாம் கல்யாணம் எல்லாம் இப்படித்தான். அங்கேயும் ஒரு ஒழுங்கு கொண்டு வந்தால் என்ன?

கொங்கு_காளை:
இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்!

பந்தி_மாஸ்டர்:
சிவா, நீங்கள் சொல்வது உங்கள் ஊர்ச் சட்டம். இங்கே அப்படி ஒரு பெர்மிட் மண்டபத்துக்கு இல்லை, செய்தி வெளியே வந்ததுமே எடுத்துவிட்டார்கள். வேண்டும் என்பது வேறு, இருக்கிறது என்பது வேறு. கொங்கு_காளை இருக்கிறது என்று எழுதினார். அதுதான் பிரச்சினை.

சரி, நான் ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ரிசப்ஷன், 600 இலை. ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்குப் பின்னால் நான்கு அட்டைப்பெட்டி. யாரும் எங்களிடம் சொல்லவில்லை. ஏழு மணியிலிருந்து ஒவ்வொருவராக உள்ளே வந்து, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று ஒரே மூச்சில் விட்டுவிட்டு, மாங்காய் ஊறுகாய் வாளியில் விரலை விட்டு நக்கிவிட்டுப் போனார்கள். பந்திக்குப் போகிற வாளி அது, அப்படியே கொட்டினேன். தண்ணீர் பாக்கெட்டும் பேப்பர் கப்பும் எடுத்துக் கொடுத்தது எட்டாம் வகுப்புப் படிக்கிற பையன், பெண்ணின் தம்பி. ஒன்பது மணிக்கு ரசம் இறக்குகிறோம், இரண்டு பேர் துணியைச் சுற்றி அண்டாவைப் பிடித்திருக்கிறார்கள். ஐஸ் கேட்டு வந்த பெரியவர் ஒருவர் தடுமாறி அண்டா விளிம்பில் கையை ஊன்றினார். கொதிக்கிற ரசம் என் ஆள் தொடையில் கொட்டியது. உருவிய லுங்கியோடு தோலும் வந்தது. ஆஸ்பத்திரியில் 19 நாள். கல்யாண வீட்டில் ஒருவர் கூட எட்டிப் பார்க்கவில்லை, "சமையல்காரன் கவனமில்லாமல் இருந்தான்" என்று பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு முடிவு செய்தேன், அட்வான்ஸ் வாங்கும்போதே கேட்டுவிடுவேன். உண்டு என்றால் வேறு ஆள் பாருங்கள் என்பேன். அதனால் இந்த ஒரு வருடத்தில் ஐந்து கான்ட்ராக்ட் போயிருக்கிறது.

நெல்லைக்காரி:
அண்ணே, ரசம் கொட்டிய உங்கள் ஆள் இப்போது எப்படி இருக்கிறார்?

பந்தி_மாஸ்டர்:
நடக்கிறான். அடுப்புப் பக்கம் வர மாட்டேன் என்கிறான், காய் நறுக்க மட்டும் வருகிறான்.

கொங்கு_காளை:
நடந்தது வருத்தம்தான், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அது மண்டபம். ஸ்டோர் ரூமில் ஒளித்து வைத்தார்கள். கன்வென்ஷன் சென்டரில் தனி ஹால் இருக்கும், சமையல் கட்டுக்குள் யாரும் வர முடியாது. உங்கள் கதை என் பக்கம்தான் பேசுகிறது. அப்புறம், டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்குகிறார்களே, அதைப் பற்றி மாஸ்டர் ஒரு நாளாவது எழுதியிருக்கிறாரா?

பாண்டி_மச்சான்:
பாண்டியில் 10 ரூபாய் கூட வாங்க மாட்டார்கள்.

சட்டப்பையன்:
இரண்டு 10 ரூபாயையும் குழப்ப வேண்டாம். நீலகிரியில் 2022இல் தொடங்கியது காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிற 10 ரூபாய். கடைக்காரர் கூடுதலாகக் கேட்பது வேறு.

கொங்கு_காளை:
ஊட்டிக்கு எங்கள் ஊர் வழியாகத்தான் போக வேண்டும், எங்களுக்குத் தெரியாதா? வாங்கும்போது கொடுக்கிற 10 ரூபாய், திருப்பிக் கொடுக்கப் போனால் ஸ்டிக்கர் இல்லை என்பார்கள். போன மாதம் ஆறு பாட்டில், 60 ரூபாய் போனது எனக்கு.

நெல்லைக்காரி:
தம்பி ஒருவர் தங்கச்சி கல்யாணத்துக்கு வழி கேட்டார். நீங்கள் 60 ரூபாய்க்கு நிற்கிறீர்கள்.

பந்தி_மாஸ்டர்:
அந்தத் தம்பிக்கு நான் நேராகவே சொல்கிறேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் "மண்டபத்தில் கிடையாது, கேஸ் ஆகும்" என்று இப்போதே சொல்லிவிடுங்கள், கல்யாணத்துக்கு முந்தின நாள் சொன்னால் சண்டையாகும். கேட்கவில்லை என்றால் சட்டப்பையன் சொன்ன மாதிரி லைசென்ஸ் உள்ள ஹோட்டலில் அவர்கள் செலவில் தனியாகப் போய்க்கொள்ளட்டும். திரும்ப ஒரு வேன் பிடித்துவிடுங்கள், டிரைவருக்கு முதலில் இலை போட்டு உட்கார வையுங்கள். கொங்கு_காளை, உங்கள் பதிலை அங்கே போய் நீக்குங்கள். இப்போது 38 லைக்.

கொங்கு_காளை:
நீக்க மாட்டேன். மண்டபம் என்று எழுதியதைக் கன்வென்ஷன் சென்டர் என்று மாற்றிவிட்டேன், போய்ப் பாருங்கள்.

பந்தி_மாஸ்டர்:
பார்த்தேன். அதுவும் பொய்தான்.

கொங்கு_காளை:
எந்தக் கன்வென்ஷன் சென்டரிலாவது வேலை பார்த்திருக்கிறீர்களா நீங்கள்?

பந்தி_மாஸ்டர்:
ரசம் கொட்டியதே கன்வென்ஷன் சென்டரில்தான்.