லித்தாப்ஸ்: தண்ணீர் ஊற்றாமல் இருந்த ஐந்து மாதங்கள்

கூழாங்கல் போலவே இருக்கும் சிறு செடியான லித்தாப்ஸை வளர்ப்பவர்கள் அவரவர் அனுபவத்தை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

என்னிடம் வந்த முதல் செடி இரண்டே மாதத்தில் போய்விட்டது. சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், நடுவில் ஒரு வெடிப்பு, பார்க்க அசல் கூழாங்கல். சில வாரங்களில் மேல்புறம் சுருங்க ஆரம்பித்தது. தாகம் என்று நினைத்துத் தண்ணீர் விட்டேன். மறுபடி சுருங்கியது, மறுபடி விட்டேன். ஒரு நாள் காலையில் தொட்டால் விரல் உள்ளே போனது. அவ்வளவு குழைந்திருந்தது. ரொம்ப வருத்தமாக இருந்தது.

அப்புறம்தான் தெரிந்தது, அது இலை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. லித்தாப்ஸின் ஒரு தலைக்கு ஒரே ஒரு ஜோடி இலைதான். வருடத்துக்கு ஒருமுறை அந்த ஜோடிக்குள்ளேயே அடுத்த ஜோடி உருவாகும். பழைய இலையில் சேர்ந்திருக்கும் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சித்தான் புதியது பெரிதாகும். பழையது கடைசியில் காகிதம் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். இந்தச் சமயத்தில் வேருக்குத் தண்ணீர் கிடைத்துவிட்டால் பழைய இலை வற்றாது. புதியது உள்ளே நெருங்கிக் கிடக்கும், பல நேரம் அழுகல் வந்துவிடும்.

இரண்டாவது செடியில் இதைத் தெரிந்துகொண்டு இறங்கினேன். பூத்து முடிந்ததும் தண்ணீரை நிறுத்தினேன். ஐந்து மாதம் ஒரு சொட்டு கூட விடவில்லை. சொல்வது எளிது, நாளும் கண்ணெதிரே செடி வாடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எளிதில்லை. நான்காவது மாதம் வெடிப்பு அகன்று, உள்ளே புதிய ஜோடி பழையதற்குக் குறுக்காகத் திரும்பி நிற்பது தெரிந்தது. பழைய தோலை உரித்துவிடக் கை துடித்தது. உரிக்கவில்லை. அதில் ஈரம் இருக்கும்வரை அதுதான் குட்டிக்குச் சாப்பாடு. ஐந்தாவது மாதம் தோல் சருகாகி நொறுங்கியபோது உள்ளிருந்து வந்த இலைகள் முன்பைவிடத் தெளிவான கோலத்தோடு இருந்தன. அன்றைக்குத்தான் முதல் தண்ணீர்.

மண்ணில் முக்கால் பங்குக்கு மேல் ப்யூமிஸும் (துளைகள் உள்ள லேசான எரிமலைக் கல்) சரளையும்தான் போடுகிறேன். வேர் நேராகக் கீழே இறங்குவதால் தொட்டி ஆழமாக இருக்க வேண்டும், 10 செ.மீ. போதும்.

1811இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் வில்லியம் பர்ச்செல் தென்னாப்பிரிக்காவில் பிரீஸ்கா பக்கம் வினோதமான கூழாங்கல் என்று நினைத்துக் கையில் எடுத்தது இந்தச் செடியைத்தான். லித்தாப்ஸ் என்ற பேரினப் பெயரை 1922இல் தாவரவியலாளர் என். இ. பிரவுன் வைத்தார், கிரேக்கத்தில் கல் முகம் என்று பொருள். பர்ச்செல் ஏமாந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. சரளை போட்ட தொட்டியில் நானே தினமும் தேடுகிறேன்.

*

நீங்கள் எழுதியதில் ஒன்று சேர்க்கிறேன். எனக்குப் பிரச்சினை வெளிச்சம். ஜன்னலிலிருந்து தள்ளி மேசையில் வைத்திருந்தேன். மண்ணோடு மண்ணாக இருக்க வேண்டிய செடி விரல் மாதிரி நீண்டுவிட்டது. இதன் இலை உச்சியில் பச்சையம் குறைவாக, கண்ணாடி போல ஒளி புகும் பகுதி இருக்கிறது. இயற்கையில் உடம்பெல்லாம் மண்ணுக்குள் இருக்க, வெயில் அந்தக் கண்ணாடிப் பகுதி வழியாக உள்ளே இறங்கி அடிப்பச்சைக்குப் போய்ச் சேரும். வெளிச்சம் போதாவிட்டால் அதைத் தேடி நீள்கிறது. நீண்டது திரும்பக் குட்டையாகாது. பயந்துபோய் ஒரே நாளில் முழு வெயிலுக்கு மாற்றினேன், அதில் வெந்து வெள்ளைத் தழும்பு விழுந்தது. அடுத்த இலைமாற்றத்தில்தான் இரண்டும் சரியாயின. வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

*

நான் விதையிலிருந்து வளர்க்கிறேன். ஒரே செடியின் மகரந்தத்தில் காய் பிடிக்காது, ஒரே இனத்தில் இரண்டு செடி பூக்க வேண்டும். பூ மதியத்துக்கு மேல்தான் விரியும். அந்த நேரம் பார்த்து மெல்லிய தூரிகையால் மகரந்தத்தை மாற்றிவிட்டேன். காய் முற்றிக் காய்ந்தபின் ஒரு சொட்டு தண்ணீர் விட்டேன். சில நிமிடத்தில் கண்ணெதிரே மலர்ந்தது! மழை பெய்தால் மட்டும் திறந்து விதையை வெளியே விடுகிற காய் இது. காய்ந்ததும் மூடிக்கொண்டது. நான் எத்தனை முறை திறந்து பார்த்தேன் என்று கணக்கில்லை.

விதை தூசி மாதிரி, மண் போட்டு மூடக் கூடாது. பெரிய செடிக்குச் சொன்ன விதி நாற்றுக்குப் பொருந்தாது. அதற்குச் சேமிப்பு கிடையாது, முதல் சில மாதம் மண் ஈரமாகவே இருக்க வேண்டும். என் நாற்றில் பாதி, நான் காயவிட்டதால் செத்தது.

ஒரு சந்தேகம். சுருங்கியிருக்கும்போது அது தாகமா, இலைமாற்றமா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

*

நான் வெடிப்பைத்தான் பார்ப்பேன். உள்ளே புது இலை எட்டிப் பார்த்தால் எவ்வளவு சுருங்கினாலும் தண்ணீர் இல்லை. வெடிப்பு மூடியிருந்து, வளரும் பருவமாகவும் இருந்து, பக்கவாட்டில் மடிப்பு விழுந்தால் தாகமாக இருக்கலாம். அப்போதும் இரண்டு நாள் பொறுத்து, மண் அடிவரை காய்ந்திருந்தால் மட்டும் நன்றாக நனைய விடுவேன். கடும் கோடையில் அது தூங்கும், அப்போது அரைகுறைச் சுருக்கத்துக்கு நான் அசைவதில்லை. பூத்த செடியில் இப்போது வெடிப்பு லேசாக அகல்கிறது. பூவாளியை வேறு அறைக்கு எடுத்துப் போய்விட்டேன்.