பால் டேங்க் அடித்தட்டில் புள்ளிக்குழி: கிரைண்டிங்கா, வெல்டிங்கா?

கேள்வி: 20,000 லிட்டர் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க், தகடு 3 மி.மீ. அடித்தட்டில் ஊசிமுனைக் குழிகள், ஆழம் 0.2 முதல் 1 மி.மீ. வரை. எப்படிச் சரிசெய்வது?

பதில் 1: ஆழம் 0.3 மி.மீ.க்குள் இருந்தால் தேய்த்தாலே போதும். 120, 180, 240 கிரிட் (உப்புத்தாளின் நுண்மை எண்) ஃபிளாப் டிஸ்க், அதாவது கிரைண்டரில் மாட்டும் உப்புத்தாள் மடல் சக்கரம். இரும்பில் ஓட்டிய டிஸ்க் வேண்டவே வேண்டாம், துகள் பதிந்து துருவேறும். ஆழமானதை அடிவரை தோண்டி டை பெனட்ரன்ட் (குழிக்குள் ஊறி அதைக் காட்டிக்கொடுக்கும் சிவப்புச் சாயம்) அடியுங்கள். சிவப்பு கசிந்தால் குழி இன்னும் மிச்சம். பிறகு 308எல் (304க்குப் பொருந்தும் நிரப்புக் கம்பி) போட்டு டிக் வெல்டிங் (ஆர்கான் வெல்டிங்).

பதில் 2: வெல்டிங்கின் நீலக்கறையை பிக்லிங் பேஸ்ட் (கறையை அரித்தெடுக்கும் அமிலப் பசை) போட்டு எடுக்காவிட்டால் அடுத்த குழி அங்கேதான். பேஸ்ட்டில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். அது தோலில் பட்டால் உடனே தடவும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இல்லாமல் உள்ளே இறங்காதீர்கள். குழியில் எப்பாக்ஸி பசை அப்புவது வீண்வேலை.

பதில் 3: குழி ஏன் விழுந்தது? டேங்க் கழுவும் ஹைப்போகுளோரைட் (குளோரின் கிருமிநாசினி) அடியில் தேங்கி உலர்கிறதா? வடிகால் சரிவைப் பாருங்கள்.