ககன்யானா, கண்மாயைக் காட்டும் ரேடாரா: பணம் எதற்குப் போகணும்?

கண்மாய்க்கரை (தேவகோட்டை)

மனிதனை விண்வெளிக்கு அனுப்பும் நம் ககன்யான் திட்டத்துக்கு 2018இல் ஒதுக்கியது 9,023 கோடி ரூபாய். 2024 செப்டம்பரில் அது 20,193 கோடி ஆனது. இன்னொரு பக்கம், 2025 மே 18 அன்று பி.எஸ்.எல்.வி.-சி61 ராக்கெட் பாதி வழியில் தோற்றது. மூன்றாம் கட்ட மோட்டாரில் அறை அழுத்தம் இறங்கிவிட்டது. அதோடு போனது இ.ஓ.எஸ்.-09 என்ற ரேடார் செயற்கைக்கோள், எடை 1,696 கிலோ.

நம்ம பக்கம் மழையே ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த நேரம் வானம் மூடிக்கிடக்கும், கேமரா வைத்த கோளுக்குக் கண்மாய் தெரியாது. மேகத்தை ஊடுருவுவது ரேடார் மட்டும்தான். ஒன்று போனால் மறு மாதமே ஏவ இன்னொன்று தயாராக இருக்கணும். நிலவுக்கும் மனிதப் பயணத்துக்கும் பணக்கார நாடுகளோடு போட்டி போடும் எண்ணம் நமக்கு இல்லை என்று விக்ரம் சாராபாய் சொல்லித்தான் நம் நாட்டின் விண்வெளி வேலையே தொடங்கியது. 1975-76இல் கடன் வாங்கிய அமெரிக்கக் கோளை வைத்து 6 மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டினார்கள். அதுதான் நோக்கம். மனிதனை அனுப்புவதைத் தள்ளிப்போடலாம் என்பது என் கட்சி.

மின்முனை (காரைக்குடி)

அண்ணே, அந்த 20,193 கோடி ஒரே வருடத்துச் செலவில்லை. 2028 டிசம்பர் வரை 8 பயணங்கள், நம் விண்வெளி நிலையத்தின் முதல் பகுதி எல்லாம் அதற்குள் அடக்கம்.

மனிதன் போனதால் என்ன கிடைத்தது என்பதற்குக் கணக்கே இருக்கிறது. அப்போலோ பயணங்கள் கொண்டுவந்த நிலவுக் கல்லும் மண்ணும் 382 கிலோ. அதே காலத்தில் ஆளில்லாமல் போன சோவியத் லூனா 16, 20, 24 மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 300 கிராம். நிலவில் ஆளில்லாமல் ஓடிய சோவியத் லூனோகோத்-1 வண்டி 10 மாதத்தில் ஓடியது 10.5 கி.மீ.; அப்போலோ 17இல் இரண்டு பேர் மூன்று நாளில் 35 கி.மீ. ஓட்டினார்கள். அவர்களில் ஒருவர், ஹாரிசன் ஷ்மிட், புவியியலாளர். சாம்பல் நிலத்தில் ஆரஞ்சு நிற மண்ணைப் பார்த்த இடத்திலேயே நின்று தோண்டினார். ஹப்பிள் தொலைநோக்கியின் கண்ணாடி தவறாகத் தேய்க்கப்பட்டிருந்ததை 1993இல் சரிசெய்ததும் மனிதக் கைகள்தான்.

கண்மாய்க்கரை

தம்பி, அது ஐம்பது வருடத்துக்கு முந்திய இயந்திரம். சீனாவின் சாங்'இ-5 2020இல் 1,731 கிராம், சாங்'இ-6 2024இல் நிலவின் மறுபக்கத்திலிருந்து 1,935 கிராம். யாரும் போகவில்லை. 15 லட்சம் கி.மீ. தள்ளி நிற்கும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைப் பழுது பார்க்க ஆள் போக முடியாது. அது தெரிந்தேதான் கட்டினார்கள், வேலையும் செய்கிறது.

1972ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் நிலத்தைப் படமெடுக்கும் அமெரிக்கக் கோள் லேண்ட்சாட்-1 மேலே போனது. டிசம்பரில் அப்போலோ 17 திரும்பியது, அதோடு நிலவுப் பயணம் நின்றது. ரஷ்யாவோடு போட்டி முடிந்ததும் பணமும் நின்றுவிட்டது. லேண்ட்சாட் வரிசை இன்றுவரை அறுபடவில்லை. போட்டிக்குச் செய்தது எது, தேவைக்குச் செய்தது எது என்று இதிலேயே தெரிகிறதே.

மடைக்கல் ஆச்சி (கண்டனூர்)

தம்பிகளா, ரேடார் கோள் வந்துவிட்டால் கண்மாய்க் கணக்கு தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். கோள் இப்போதே இருக்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் கோளின் படம் இலவசம். 2025 ஜூலை 30 அன்று ஏவிய இந்திய-அமெரிக்க ரேடார் கோள் நிசார் 12 நாளுக்கு ஒருமுறை அதே தடத்துக்குத் திரும்பும். சிக்கல் படத்தை வாசிப்பதில் இருக்கிறது.

அசையாத நீர் ரேடார் அலையை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும், அதனால் படத்தில் கறுப்பு. காற்றடித்து அலை எழும்பினால் அதே நீர் வெளுத்துவிடும். ஆகவே கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவே ஒரே எல்லையை எல்லாத் தேதிக்கும் வைக்கக்கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் தனியாகப் பார்த்து வைக்கணும். அடுத்தது சீமைக்கருவேலம். தண்ணீருக்குள் மரம் நின்றால் அலை நீரில் பட்டு, தண்டில் பட்டு, நேராகத் திரும்பி வரும். நிறைந்த கண்மாய் பளிச்சென்று தெரியும், கற்றுக்குட்டி அதைக் காடு என்று குறிப்பான். சென்டினலின் 5.6 செ.மீ. அலை இலையிலேயே பெருமளவு நின்றுவிடும். நிசாரின் 24 செ.மீ. அலை இலையைக் கடந்து கீழே போகும். நம் ஊர்க் கண்மாய்களுக்கு நிசார் முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான். மூன்றாவது, தட்டையான எதுவும் கறுப்புதான். கானாடுகாத்தான் பக்கம் போர்க்காலத்து விமான ஓடுதளம் இருக்கிறதே, அதைக்கூட நீர் என்று எண்ண வாய்ப்புண்டு. கண்மாய் வறண்ட மாதத்துப் படம் ஒன்றை எடுத்து, அதிலும் கறுப்பாக இருப்பதைக் கழித்துவிடுங்கள்.

ஊரணிக்கு இது எதுவும் உதவாது. 50 மீட்டர் பக்கம் உள்ள ஊரணி, 23.5 மீட்டர் பிரித்தறியும் நம் கோள்களின் லிஸ்-3 கேமராப் படத்தில் நாலைந்து கட்டம்தான், அதிலும் பாதி கரை. 5.8 மீட்டர் லிஸ்-4 வேண்டும், ஆனால் அது மேகத்தில் தோற்கும்.

மின்முனை

ஆச்சி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அண்ணன் சொன்ன லேண்ட்சாட் கதையில் முதல் பாதி விடுபட்டிருக்கிறது. அமெரிக்காவின் மெர்க்குரி, ஜெமினி விண்வெளிப் பயணங்களில் வீரர்கள் எடுத்த நிலப் படங்களைப் பார்த்த பிறகுதான் நிலத்தைத் தொடர்ந்து படமெடுக்க ஒரு கோள் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. மனிதப் பயணத்தின் பிள்ளை அது.

விண்வெளி நிலையத்தில் ஆளை வைப்பது எவ்வளவு நுட்பம் என்று பாருங்கள். ஒருவருக்கு ஒரு நாளுக்கு ஏறக்குறைய 0.84 கிலோ ஆக்சிஜன். நீரை மின்னாற்பகுத்து, அதாவது மின்சாரத்தால் பிரித்து எடுத்தால் 0.95 கிலோ நீர். ஒரே செல்லில் என்றால் இருபத்து நான்கு மணி நேரமும் 117 ஆம்பியர், பத்து செல்லைத் தொடராகக் கோத்தால் 11.7. தரையில் குமிழி மேலே போய்விடும். எடையற்ற இடத்தில் மேல், கீழ் கிடையாது. குமிழி மின்முனையிலேயே ஒட்டும், வேலை செய்யும் பரப்பு குறையும், மின்னழுத்தம் ஏறும், செல் சூடாகும். நீரிலிருந்து ஆக்சிஜன் எடுக்கும் ரஷ்யர்களின் எலெக்ட்ரான் கருவி அடிக்கடி நின்றதற்குக் குமிழித் தொல்லையும் காரணம். ககன்யானின் மூன்று நாளுக்கு இது தேவையில்லை, மூன்று பேருக்கு 7.6 கிலோ ஆக்சிஜனைக் கூடவே கொண்டுபோகலாம். நிலையம் என்றால் தேவை. மின்வேதியியல் படித்தவர்களுக்கு இதைவிடக் கடினமான பாடம் ஏது? 1948இல் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரிக்கு நேரு அடிக்கல் நாட்டியபோது, வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார். உடனே என்ன பலன் என்று அவர் கேட்டிருந்தால் அந்த வளாகம் இன்று இருக்காது.

கண்மாய்க்கரை

அழகப்பர் கொடுத்தது சொந்தப் பணம், தம்பி. இது வரிப்பணம். குமிழிப் பாடத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் 2025 ஜனவரியில் போன வழிகாட்டிக் கோள் என்.வி.எஸ்.-02க்கு ஆக்சிஜனேற்றியை விடும் வால்வு திறக்கவில்லை, கோள் போகவேண்டிய சுற்றுப்பாதைக்குப் போகவில்லை. வால்வும் மோட்டாரும் தவறாமல் வேலை செய்யும் என்று காட்டிய பிறகு அதே கையால் ஆளை ஏற்றுங்கள். நான் கேட்பது வரிசை முறை.

ஆச்சி, கோள் பரப்பைத்தானே காட்டும்? ஆழம்?

மடைக்கல் ஆச்சி

பரப்பை மட்டும்தான். ஆழத்துக்கு ஊரில் ஒருவர் வேண்டும். மடைச்சுவரில் 10 செ.மீ. இடைவெளியில் பெயின்ட் கோடு போடுங்கள். கோள் கடக்கும் தேதியில் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள், கலுங்கு (மிகுநீர் வழியும் இடம்) வழிந்த நாள் முதல் வறளும் வரை. இரண்டு தேதிக்கு நடுவே எவ்வளவு நீர் என்பதற்கு: மட்ட வித்தியாசத்தை மூன்றால் வகுத்து, இரு பரப்புகளின் கூட்டலோடு அவற்றின் பெருக்கலின் வர்க்கமூலத்தையும் சேர்த்த தொகையால் பெருக்குங்கள். 40 ஹெக்டேர் 30 ஆகச் சுருங்கி, மட்டம் அரை மீட்டர் இறங்கினால் 17.4 ஹெக்டேர் மீட்டர், அதாவது 1,74,000 கன மீட்டர். வண்டல் ஏற ஏற இந்தக் கணக்கு மாறும், தூர்வாரினாலும் மாறும். அப்போது புதிதாகப் போடணும்.

இந்த ஐப்பசிக்கு யார் யார் ஊரில் மடைச்சுவர் நல்ல நிலையில் இருக்கிறதோ, கண்மாய்ப் பெயரை இங்கே எழுதுங்கள். தேதிப் பட்டியல் நான் தருகிறேன்.