நூடுல்ஸ் வேகவைத்த முதல் தண்ணீரைக் கொட்டினால் கெடுதல் போய்விடுமா?

காவிரிக்கரை (கேள்வி):
எட்டு வயதுக் குழந்தைக்கு வாரம் மூன்று நாள் சாயங்காலம் 70 கிராம் மசாலா நூடுல்ஸ். வாட்ஸ்அப்பில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மெழுகு பூசியிருக்கிறது, முதல் தண்ணீரைக் கொட்டணும் என்கிறார் ஒருவர். அஜினோமோட்டோதான் விஷம் என்கிறார் இன்னொருவர். ஆட்டா நூடுல்ஸ் வாங்கினால் கவலையே இல்லை என்கிறார் வேறொருவர். எது சரி? அடியோடு நிறுத்துவது நடக்காது. எப்படிச் செய்தால் கெடுதல் குறையும் என்று அளவோடு சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இதன் மேல் இத்தனை ஆசை ஏன் என்பதும் தெரிந்தால் நல்லது.

மாவுமில்:
மெழுகு கிடையாது, அதை விட்டுவிடுங்கள். 1958-இல் ஜப்பானில் மொமொஃபுகு ஆண்டோ கொண்டுவந்த முறைதான் இன்றும். மைதா மாவைப் பிசைந்து, தகடாகத் தேய்த்து, இழையாக வெட்டி, ஆவியில் வேகவைத்து, அச்சில் போட்டு 140 முதல் 160 டிகிரி எண்ணெயில் ஒன்றிரண்டு நிமிடம் பொரிப்பார்கள். தண்ணீர் ஆவியாக வெளியேறும்போது இழை முழுக்க நுண்ணிய துளைகள் விழும். அந்தத் துளைகளில் எண்ணெய் போய் உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் வெந்நீர் பட்டதும் அதே துளைகள் வழியாகத்தான் நீர் சட்டென்று உள்ளே போகிறது. மாவு முன்பே வெந்துவிட்டதால் இரண்டு நிமிடம் போதும்.

வெந்த தண்ணீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துப் பாருங்கள். மேலே வெள்ளையாக ஒரு ஆடை படியும். இதைத்தான் மெழுகு என்று வீடியோ போடுகிறார்கள். அது பாமாயில். 35 டிகிரிக்குப் பக்கத்திலேயே உறையத் தொடங்கும் எண்ணெய் அது. தண்ணீர் கலங்கலாக இருப்பது மாவுச்சத்தால். கொட்டினால் மேலோட்டமான எண்ணெய் கொஞ்சம் போகும், துளைக்குள் இருப்பது போகாது. பொரித்த கட்டியில் 15 முதல் 20 சதவீதம் கொழுப்பு, அதில் பாதியை ஒட்டி நிறைகொழுப்பு (லேபிளில் சாச்சுரேட்டட் ஃபேட்). பாக்கெட்டுக்குச் சுமார் 11 கிராம் கொழுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசைக்கும் காரணம் இருக்கிறது. மாவில் சேர்க்கும் சோடா உப்பு வகைக் காரம் (லேபிளில் 500, 501 எண்கள்) இழைக்கு அந்த ரப்பர் போன்ற துள்ளலையும் மஞ்சள் நிறத்தையும் தருகிறது. மசாலாவில் குளூட்டமேட்டும் (அஜினோமோட்டோவில் இருப்பதும் இதுதான்), 627, 631 அல்லது 635 என்று போட்டிருக்கும் சுவையூட்டிகளும் சேரும்போது ஒன்றின் ருசியை இன்னொன்று பல மடங்கு தூக்கிவிடும். கூடவே உப்பு, கொழுப்பு, மெல்லத் தேவையில்லாத மென்மை. வீட்டுப் பலகாரம் எதிலும் இவை எல்லாம் ஒரே வாயில் கிடைப்பதில்லை.

உப்புக்கணக்கு:
எல்லோரும் மைதாவையே திட்டுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது சோடியம். 70 கிராம் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் 700 முதல் 1,000 மில்லிகிராம். 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 1,000 என்றால் இரண்டரை கிராம் உப்பு. பெரியவர்களுக்கே நாள் முழுக்க 5 கிராமுக்குள் இருக்கணும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, குழந்தைக்கு அதைவிடக் குறைவு. அதாவது இட்லி, சாம்பார், ஊறுகாய்க்கு முன்பே பாதி தீர்ந்துவிட்டது. கொரிய வகை 120 கிராம் பாக்கெட்டுகளில் 1,700-ஐத் தாண்டுவனவும் உண்டு.

லேபிளில் ஏமாறும் இடம் ஒன்று: அட்டவணை 100 கிராமுக்கு இருக்கும். உங்கள் பாக்கெட் 70 என்றால் 0.7-ஆல் பெருக்குங்கள், 280 கிராம் ஃபேமிலி பேக் என்றால் 2.8-ஆல் பெருக்கி, சாப்பிடும் ஆட்கள் எண்ணிக்கையால் வகுங்கள்.

தென்கொரியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் தரவை வைத்து 2014-இல் வந்த ஆய்வு, வாரம் இரண்டு தடவையோ அதற்கு மேலோ சாப்பிட்ட பெண்களிடம் இடுப்புச் சதை, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் சேர்ந்து வரும் வளர்சிதை மாற்றக் கோளாறு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. ஆண்களிடம் அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. இது தொடர்புதான், நூடுல்ஸ்தான் காரணம் என்ற நிரூபணம் இல்லை. ஆனாலும் வாரம் மூன்று என்பதை ஒன்றாக்கச் சொல்வேன்.

அடுப்படி:
செய்முறை இதோ, ஒரு பாக்கெட்டுக்கு.

அரை லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் கட்டியைப் போட்டு ஒரே ஒரு நிமிடம். இழை பிரிந்ததும் வடிகட்டுங்கள். இதில் மாவில் பிசைந்த உப்பில் ஒரு பங்கும் போய்விடும். இரண்டு நிமிடம் விட்டால் பிறகு காயோடு சேரும்போது களியாகிவிடும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

வாணலியில் ஒரு டீஸ்பூன் எண்ணெய், ஒரு சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு, ஒரு கப் கேரட், பீன்ஸ், கோஸ். முக்கால் வேக்காடு போதும். காயை ஒதுக்கி ஒரு முட்டையை உடைத்துக் கிளறினால் 6 கிராம் புரதம் கூடும், பாக்கெட்டில் இருப்பதே அவ்வளவுதான். முட்டை சேர்க்காதவர்கள் 50 கிராம் பன்னீர் போடலாம். 100 மில்லி தண்ணீர், மசாலா பாதி மட்டும், வடித்த நூடுல்ஸ், ஒரு நிமிடம் பிரட்டி இறக்குங்கள். காய்க்கென்று தனி உப்பு வேண்டாம். ருசி குறைந்த மாதிரி தெரிந்தால் இறக்கிய பிறகு கால் மூடி எலுமிச்சை, மிளகுத்தூள், கொத்தமல்லி. அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் கசக்கும்.

மீதிப் பாதி மசாலாவை உருளைக்கிழங்கு வறுவலில் தூவிவிட்டால் மிச்சம் பிடித்த உப்பு வேறு வழியில் தட்டுக்கு வந்துவிடும். தூக்கிப் போடுங்கள், மனசு கேட்காது, இருந்தாலும்.

காவிரிக்கரை:
நன்றி. அஜினோமோட்டோவும் ஆட்டாவும் பாக்கி. 319 என்று ஒரு எண் போட்டிருக்கிறது, அது என்ன?

மாவுமில்:
319 என்பது டிபிஎச்க்யூ, எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் இருக்கச் சேர்ப்பது. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் உச்சவரம்பு ஒரு கிலோ கொழுப்புக்கு 200 மில்லிகிராம். 11 கிராம் கொழுப்பில் அதிகபட்சம் 2.2 மில்லிகிராம். அன்றாடம் ஏற்கத்தக்க அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.7 மில்லிகிராம், இருபது கிலோ குழந்தைக்கு 14 மில்லிகிராம். பயப்படும் அளவில் இல்லை.

அஜினோமோட்டோ விஷமில்லை. எடைக்கு எடை அதில் சோடியம் சாதா உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் 'சேர்க்கப்படவில்லை' என்ற வாசகத்தை நம்பி வாங்காதீர்கள். நீராற்பகுத்த புரதம் (லேபிளில் ஹைட்ரலைஸ்டு புரோட்டீன்) என்று இருந்தால் அதிலேயே குளூட்டமேட் உண்டு. 2015-இல் மேகி நூடுல்ஸை விற்கக் கூடாது என்று அரசு உத்தரவிட்டபோது ஈய அளவோடு இந்த வாசகமும் சர்ச்சையானது. அந்த உத்தரவை ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, நவம்பரில் திரும்பக் கடைக்கு வந்தது.

ஆட்டாவில் நார்ச்சத்து கொஞ்சம் கூடும். பொரித்ததாக இருந்தால் எண்ணெயும் உப்பும் ஏறக்குறைய அதேதான். சேர்மானப் பட்டியலில் முதலில் எது, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அதைவிட, 'பொரிக்காதது' என்று போட்ட, சூடான காற்றில் உலர்த்திய வகை நல்லது. அதில் கொழுப்பு மூன்று சதவீதத்தைச் சுற்றித்தான் வரும், கொதிக்கவைக்க நான்கைந்து நிமிடம் ஆகும்.

அடுப்படி:
அந்த வகை கிடைக்காத ஊரில் வறுத்த சேமியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் ரவையோ மைதாவோதான், ஆனால் எண்ணெயில் பொரித்ததில்லை, எண்ணெயும் உப்பும் உங்கள் கைக்குள். முதல் இரண்டு தடவை அந்த நூடுல்ஸ் மசாலாவில் கால் பாக்கெட்டைச் சேர்த்துச் செய்யுங்கள், வாசனைக்காகவே சாப்பிட்டுவிடுவார்கள்.